ஓரத்து சீட்டு

பல் டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டி யூபிஎஸ்ஸுக்குக் குறுக்கே நின்றார்.

"வேண்டாம் தம்பி. டெஸ்ட்டுன்னு எழுதி ஒரு பட்டன் இருக்குல்ல, அதை அழுத்துங்க. போன தடவை வந்தவர் அதைத்தான் அழுத்தினார்."

"அவர் அதை அழுத்திட்டுப் போனதாலதான் டாக்டர் இந்தத் தடவை நான் வந்திருக்கேன்."

மெக்கானிக் இதைச் சிரிக்காமல் சொன்னான். தொழிலில் அவன் சிரிப்பதில்லை. காலையிலிருந்து அந்த கிளினிக்கின் பின்னறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பேட்டரிகளின் மேல் படிந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி, நட்டுகளை முறுக்கி, ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து, ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பதைப் புறங்கையால் தொட்டுக் கண்டுபிடித்து மாற்றியிருந்தான். இதெல்லாம் எல்லா மெக்கானிக்கும் செய்வது. கடைசியில் செய்வதுதான் அவனுக்கே உரியது. சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவிவிடுவான். கரண்ட் எப்படிப் போகுமோ அப்படி. இதனால் கடையில் அவனுக்கு "பிளக்கு" என்று பெயர். கணக்கு ஆபீஸ்களில் அவன் தலை தெரிந்தாலே எல்லாரும் அடித்துக்கொண்டிருந்ததை அவசர அவசரமாகச் சேமிப்பார்கள். ஓர் ஆபீஸில் மேனேஜர் எழுந்து பாத்ரூமுக்கே போய்விடுவார்.

"உள்ளே ஒருத்தர் வாயைத் திறந்துட்டுப் படுத்திருக்கார் தம்பி."

"நிஜமா கரண்ட் போறப்பவும் யாராவது ஒருத்தர் வாயைத் திறந்துட்டுத்தான் படுத்திருப்பாங்க. பட்டன் பொய் சொல்லாது டாக்டர். ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்."

உருவினான். யூபிஎஸ் 'கீக்' என்றது. விளக்கு எரிந்தபடி இருந்தது. டாக்டர் கண்ணைத் திறந்தார். நாற்காலியில் கிடந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்குமேல் பேசும் நிலையில் அவர் இல்லை.

அப்போதுதான் மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

அவளுக்கு வேலை வீட்டிலிருந்தபடியே. ஏதோ ஒரு கம்பெனியின் வாஷிங் மெஷின் யார் வீட்டிலாவது ஓடாமல் போனால், அந்தக் கம்பெனியின் சார்பில் போனில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

"என்னங்க, பதட்டப்படாம கேளுங்க," என்றாள்.

வீட்டில் அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. அது வாடிக்கையாளருக்கு வைத்திருக்கும் குரல்.

"இங்க கரண்ட் போயிடுச்சு. மாமாவோட மெஷின் நின்னுடுச்சு."

"யூபிஎஸ்?"

"அது ஓடுது. பச்சை லைட் எரியுது. கீக் கீக்னு கத்துது. அதுல மாட்டுன எல்லாம் ஓடுது. மாமாவோடது மட்டும் நின்னுடுச்சு."

அவனுக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. அப்பாவின் நுரையீரல் கைவிட்டு வருஷமாகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி உயரத்துக்கு மெஷின் ஒன்று நிற்கும். அறைக்காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய்க்கு அனுப்பும். அது நிற்கக்கூடாது என்பதற்காகவே அவன் தன் கையால் போட்ட யூபிஎஸ். ஊரில் எத்தனையோ இடத்தில் போட்டிருக்கிறான், இதைவிட நல்லதாக ஒன்றைப் போட்டதில்லை.

"சிலிண்டர். கட்டிலுக்குக் கீழ. குழாயை மெஷின்லேர்ந்து உருவி..."

"மாட்டிட்டேன். சாவியும் திருப்பிட்டேன். முள்ளு ஏறிடுச்சு."

"அப்பா?"

"உதடு நீலமாயிடுச்சுங்க." வாடிக்கையாளர் குரல் எங்கேயோ போய்விட்டது. "இப்பத்தான் கொஞ்சம் திரும்புது. வாங்க. எதையும் கேக்காதீங்க, வாங்க."

*

தெருவெங்கும் கரண்ட் இல்லை. மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த மதியம். காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. சிக்னல் செத்துப்போன முக்கில் நாலு பக்கத்து வண்டிகளும் ஒன்றின் மூக்கில் ஒன்று இடித்தபடி நின்றன. அவன் பைக்கை நடைபாதைமேல் ஏற்றிக்கொண்டு வந்தான்.

வீடு ஓர் அச்சகத்துக்கு மேல் மாடி. பகல் முழுக்கத் தடதடக்கும் அச்சு இயந்திரம் ஓய்ந்திருந்ததால் படிக்கட்டே அந்நியமாக இருந்தது. மேலே ஏறும்போதே யூபிஎஸ்ஸின் 'கீக் கீக்' கேட்டது.

கட்டிலில் இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து அப்பா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்றுப் பல காலம் ஆன பின்னும் தெருவே "கண்டக்டர்" என்று கூப்பிடும் மனிதர். கைகள் இரண்டும் முழங்காலில். மூக்கில் குழாய். கால்மாட்டில் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த தோலைப் பாத்திரத்திலும் பட்டாணியைக் குப்பைக்கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"என்னடா," என்றார் கண்டக்டர், ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் இடையில் இளைப்பாறி. "டூட்டி நேரத்துல... வீட்டுக்கு வந்துட்ட."

"பேசாதீங்கப்பா."

"பேசலைன்னா... செத்துட்டேன்னு நெனச்சுப்பா உங்கம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் மண்டியிட்டு யூபிஎஸ்ஸுக்கு முன் உட்கார்ந்தான். பச்சை விளக்கு. பேட்டரி முழுசு. எவ்வளவு சுமை இழுக்கிறது என்று காட்டும் கோடுகளில் ஒன்றே ஒன்று எரிந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் மரப்பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. முதுகுப்பக்கம் சுவரைப் பார்த்து. கையைப் பின்னால் விட்டு பிளக்குகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. மனைவியின் லேப்டாப் பிளக்கை உருவி அந்த ஓட்டையில் மீட்டரை வைத்தான். கரண்ட் வந்துகொண்டிருந்தது, சுத்தமாக, அவன் வைத்த அளவில்.

"யூபிஎஸ் நல்லாருக்கு."

"நல்லாருக்கா," என்றாள் மனைவி.

"நூத்துக்கு நூறு. மெஷின்தான் இழுக்கலை. பாரு, ஒரு கோடுதான் எரியுது. மெஷின்தான் போச்சு."

"புது மெஷினுங்க."

"புதுசுன்னா போகாதா? நீ நாள் முழுக்க புதுசு போனதுக்குத்தானே மன்னிப்புக் கேக்கற."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. மேஜைமேல் கிடந்த அவளுடைய ஹெட்போனிலிருந்து, மெல்லிசாக, யாரோ இருமினார்கள். அவளுக்கு முகம் வெளுத்தது. ஓடிப்போய் எடுத்துக் காதில் வைத்தாள்.

"சார், லைன்லயா இருக்கீங்க... சாரி சார், ரொம்ப சாரி, ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு..." கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "துணி அலசாத கேஸுங்க. முதல்லேர்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டிருந்திருக்காரு. மாமாவுக்கு உதடு எப்படி இருக்குன்னு கேக்கறாரு."

"தேவலைன்னு சொல்லும்மா," என்றார் கண்டக்டர்.

அப்போது கரண்ட் வந்தது. கீழே அச்சு இயந்திரம் கனைத்துக்கொண்டு கிளம்பியது. மின்விசிறி சுற்றியது. போய்விட்டதாக மெக்கானிக் இப்போதுதான் தீர்ப்புச் சொன்ன மெஷின், ஒரு விசிலடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல 'புஸ்... புஸ்...' என்று காற்றை உறிஞ்ச ஆரம்பித்தது.

எல்லாரும் அதையே பார்த்தார்கள். அம்மா கும்பிட்டாள். மெக்கானிக்கின் முதுகில் மட்டும் சில்லென்று ஒன்று ஓடியது. கெட்டுப்போன பொருள் தானாக நன்றாவதைப்போல அவன் தொழிலில் பயங்கரம் வேறில்லை.

*

நாளைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. கம்பி மாற்றப்போகிறோம் என்று மின்வாரியம் இரண்டு நாளாக மைக் வைத்துக் கத்திவிட்டுப் போயிருந்தது. இன்று போனது கணக்கில் சேராத, சும்மா போனது. நாளைக்காகக் கடையிலிருந்து கூடுதல் பேட்டரி கொண்டுவரச் சொல்லியிருந்தான். ஆனால் எதற்குக் கொண்டுவர வேண்டும் என்று இப்போது அவனுக்குத் தெரியவில்லை. இருக்கிற பேட்டரியே நிறைந்துதான் இருந்தது, மெஷின் நின்றபோது.

அப்பாவை சிலிண்டரிலிருந்து மெஷினுக்கு மாற்றினார்கள். சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"இன்னிக்கே ஆஸ்பத்திரில சேத்துடலாம்," என்றாள் அம்மா. அன்று அவள் பேசிய முதல் பேச்சு. "நாளைக்கு ஒரு நாள் அங்க இருக்கட்டும்."

"போன தடவை ஒரு நாள்னு போனேன்," என்றார் கண்டக்டர். "திரும்பி வரப்போ இந்த அலமாரியைக் கூட்டிட்டு வந்தேன். இந்தத் தடவை எதைக் கூட்டிட்டு வரணுமோ."

"கிண்டல் பண்ண இது நேரமா?"

"பின்ன என்னடி பண்ணச் சொல்ற. என் மகன் என்ன வேலை பாக்கறான்? ஊருக்கெல்லாம் கரண்ட் போகாம பாத்துக்கறான். அவன் அப்பன் கரண்ட்டுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினா தெருவுல சிரிப்பாங்க."

மெக்கானிக் யூபிஎஸ்ஸின் டெஸ்ட் பட்டனை அழுத்தினான். 'டக்' என்று உள்ளே மாறியது. பேட்டரி விளக்கு எரிந்தது. மெஷின் 'புஸ்... புஸ்...' என்று ஓடிக்கொண்டே இருந்தது. பட்டனை விட்டான். மறுபடி அழுத்தினான். மறுபடி ஓடியது. நாலாம் தடவை அழுத்தியபோதும் ஓடியது. இரண்டும் நன்றாக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் நன்றாக இருக்கின்றன. அப்புறம் எப்படி நின்றது?

"ஏதாவது சொல்லேன்ப்பா," என்றாள் அம்மா.

"யோசிக்கறேன்ம்மா."

"உனக்கே தெரியலையா?"

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். இந்தக் கேள்வியை எத்தனையோ மேனேஜர்கள் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஏதாவது ஒரு பதில் வாயில் ரெடியாக இருக்கும்.

*

சாயங்காலம் பியூஸ் வந்தான். கடையில் கூட வேலை பார்ப்பவன். சட்டென்று கோபம் வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். தோளுக்கு ஒன்றாக இரண்டு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் வீட்டுக்காரனையும் அச்சகத்துக்காரனையும் திட்டிக்கொண்டு மேலே வந்தான். இறக்கி வைத்துவிட்டுத் தரையில் சாய்ந்து உட்கார்ந்தான். அம்மா டீ கொடுத்தாள். மெக்கானிக் நடந்ததை எல்லாம் சொன்னான்.

பியூஸ் ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டான். பிறகு, "புடுங்கிப் பாத்தியா?" என்றான்.

மெக்கானிக் பேட்டரியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய் பிளக்கு, உன்னைத்தான். சுவத்துலேர்ந்து புடுங்கிப் பாத்தியா?"

"பட்டனை அழுத்திப் பாத்தேன்."

"இன்னிக்கு சரி. பதட்டத்துல இருந்திருப்ப. மாசாமாசம்?"

"மாசாமாசமும் பட்டன்தான்."

"பட்டன்."

"ஆமா."

"நீ."

"ஆமாடா."

பியூஸ் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் கோபப்படப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவனோ வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போலீஸ் ஸ்டேஷன்ல புடுங்கினே. இன்ஸ்பெக்டர் லத்தியை எடுத்துட்டார், அப்பவும் விடலை. கண் ஆஸ்பத்திரியில புடுங்கினே. அந்த நர்ஸம்மா அழுதுடுச்சு. முதலாளி மேஜைல புடுங்கினே. ஊர்ல ஒரு சுவரு பாக்கி இல்ல. உன் வீட்டுல பட்டனை அழுத்தியிருக்க."

"அதுல எங்கப்பா இருக்காருடா," என்றான் மெக்கானிக்.

மெஷின் 'புஸ்... புஸ்...' என்றது. பியூஸ் டம்ளரை எடுத்து மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"சரி," என்றான் கடைசியில். "அப்பாவை சிலிண்டர்ல போடு. நான் புடுங்கறேன். நான் அவருக்கு மகன் இல்ல."

சிலிண்டரில் போட்டார்கள். பியூஸ் சுவரில் இருந்த பிளக்கை உருவினான். யூபிஎஸ் 'கீக்' என்றது. மெஷின் நீளமாக ஒரு விசில் அடித்து நின்றது.

மத்தியானம் நடந்தது அப்படியே திரும்பவும் நடந்தது. பச்சை விளக்கு எரிகிறது, லேப்டாப் ஓடுகிறது, மூச்சு மட்டும் நின்றுவிட்டது.

பியூஸ் பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு, மரப்பெட்டியோடு யூபிஎஸ்ஸை முன்னால் இழுத்து, முதுகை வெளிச்சத்துக்குத் திருப்பினான். இரண்டு வரிசையில் எட்டு ஓட்டைகள். மேல் வரிசையின் ஓரத்தில், மெக்கானிக் தன் கையால் மெஷினை மாட்டிய இடத்தில், குண்டாக ஒரு கறுப்புப் பிளக் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தது. மனைவியின் இன்டர்நெட் பெட்டிக்கு உரியது. அப்பாவின் மெஷின் கீழ் வரிசையில் தனியாக இருந்தது.

"என்னப்பா?" என்றாள் அம்மா. "என்ன பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

"மேல் வரிசைதான்ம்மா பேட்டரி," என்றான் பியூஸ். "கீழ் வரிசை சும்மா. மின்னல் கின்னல் அடிச்சா தாங்கும், அவ்வளவுதான். சுவத்துல கரண்ட் இருந்தா அதுலயும் இருக்கும், இல்லைன்னா இல்ல. கறுப்புப் பெட்டியில கறுப்பாவே எழுதி வச்சிருக்கான் பாவி. தடவிப் பாத்தாத்தான் தெரியும்."

"பட்டனை அழுத்தறப்போ ஓடுச்சேப்பா."

"பட்டனை அழுத்தறப்போ சுவத்துல கரண்ட் இருந்துச்சுல்லம்மா."

மெக்கானிக் திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்ததை அவள் உடனே படித்துவிட்டாள்.

"நான் தொடலை," என்றாள். "சத்தியமா நான் தொடலைங்க. புதுப் பெட்டி வந்தப்போ மேல இடமே இல்லைன்னு மாமாகிட்ட சொல்லிப் புலம்பினேன். சாயங்காலம் பாத்தா மாட்டி ஓடிட்டிருந்துச்சு. நீங்கதான் மாட்டினீங்கன்னு நெனச்சு தேங்க்ஸ்கூட சொன்னேன்."

அவனுக்கு ஞாபகம் வந்தது. எதற்கு என்று தெரியாமலே வாங்கிக்கொண்ட தேங்க்ஸ் அது.

"அவளை ஏன்டா முறைக்கற," என்றார் கண்டக்டர். "நான்தான் மாத்தி உக்கார வச்சேன்."

*

அவர் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. இடையிடையே நின்று மூச்சு ஏற்றிக்கொண்டார். சொல்லும்போது அவர் குரலில் குற்றம் எதுவும் இல்லை. ஒரு சிக்கலான டிரிப்பைச் சமாளித்த கதையைச் சொல்கிறவரின் நிதானம் இருந்தது.

"அந்தப் பிளக்கு நல்ல குண்டு. நடுவுல எங்க வச்சாலும் பக்கத்து சீட்டுல பாதி ஏறிடுது. அந்த மாதிரி ஆளை ஓரத்துலதான் உக்கார வைக்கணும். பாதி உடம்பு வெளிய தொங்கினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்ல. ஓரத்து சீட்டு என்னோடது. எழுந்து குடுத்துட்டேன். கீழ நாலு சீட்டு காலியாக் கெடந்துச்சு. ஒரு தம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு உருவினேன், கீழ மாட்டினேன், விட்டேன். அவ்வளவுதான்."

"நாலும் ஏன் காலியா இருக்குன்னு யோசிக்கலையாப்பா?" என்றான் பியூஸ்.

"காலி சீட்டைப் பாத்தா ஆளை ஏத்தறவன்தான் கண்டக்டர். ஏன் காலின்னு எவன் கேப்பான்? எட்டும் ஒரே வண்டியிலதானே இருக்கு."

"ஒரே வண்டிதான். ஆனா கீழ இருக்கற நாலுக்கும் சக்கரம் கிடையாதுப்பா."

கண்டக்டர் யோசித்தார். முகம் மெதுவாக மாறியது. அத்தனை வருஷத்தில் ஒரு ஆளைக்கூட வழியில் விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பாத மனிதர் அவர்.

"அப்போ வண்டி போயிட்டிருந்துச்சு. நான் மட்டும் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்தேனா?"

மனைவி, எதையோ மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று கேட்டாள்.

"மாமா, பெட்டி வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல கரண்ட் போச்சே. போன வாரம்கூட ரெண்டு தடவை போச்சு."

கண்டக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"மாமா."

"போச்சு," என்றார். "கொஞ்சம் கொஞ்சம் போகும். மெஷின் நிக்கும். வர்ற வரைக்கும் பேசாம உக்காந்திருப்பேன். ஆடாம அசையாம இருந்தா மூச்சு கொஞ்சமாத்தான் செலவாகும். இன்னிக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கிச்சு."

அம்மாவின் மடியிலிருந்து பட்டாணிப் பாத்திரம் நழுவி விழுந்து உருண்டது. தோல்கள் தரையெங்கும் சிதறின.

"நான் இங்கதானே இருந்தேன்," என்றாள். "பக்கத்துலயே உக்காந்திருந்தேனே. விசிலடிச்சுச்சு, கீக் கீக்னு கத்திச்சு. கத்தினா வேலை செய்யுதுன்னு அர்த்தம், பயப்படாதேம்மான்னு இவன்தானே சொன்னான். கத்துது, நல்லாருக்குன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தேனே."

மெக்கானிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"ஏன்ப்பா சொல்லலை?"

"என்னன்னுடா சொல்றது. நீ மாட்டினது. ஊர்ல எங்க போனாலும் உன் மகன் கை வச்சா நிக்காதுன்னு சொல்றாங்க. உன் மெஷின் நம்ம வீட்டுலயே நிக்குதுடான்னு உன் பொண்டாட்டி எதிர்ல எப்படிச் சொல்றது? நீயா கண்டுபிடிச்சு சரி பண்ணிடுவேன்னு இருந்தேன். மாசாமாசம் வந்து பட்டனை அழுத்திட்டு, சூப்பரா இருக்குப்பான்னுட்டுப் போற."

பியூஸ் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். மனைவி கீழே குனிந்து தோல்களைப் பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கினவற்றை மறுபடி கீழேயே வைத்தாள். மெக்கானிக் அப்பாவின் கையைப் பார்த்தான். நகங்களில் இன்னும் லேசாக நீலம் இருந்தது. மாதாமாதம் அந்தக் கையை ஒட்டித்தான் குனிந்து பட்டனை அழுத்தியிருக்கிறான்.

*

மாற்றுவதற்கு ஒன்றும் நேரமாகவில்லை. குண்டுப் பிளக்கை உருவி, ஒரு நீட்டு வயர் போட்டு நடுவில் மாட்டினார்கள். மெஷினை அதன் பழைய இடத்தில் வைத்தார்கள். கீழ் வரிசையின் நாலு ஓட்டைகளையும் பியூஸ் கறுப்பு டேப்பை வைத்து, எதிரி வீட்டு ஜன்னலை அடைப்பதைப்போல, அடுக்கடுக்காக ஒட்டி மூடினான். புது பேட்டரிகளைச் சேர்த்தார்கள். மெஷின் ஓட ஆரம்பித்ததும் சுமைக் கோடுகள் பாதிக்கு மேல் எரிந்தன. மத்தியானம் ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தான் சொன்ன தீர்ப்பை நினைத்து மெக்கானிக்குக் காது சுட்டது.

"இப்ப ஒரு தடவை புடுங்கிப் பாத்துட்டா தெரிஞ்சிடும்," என்றான் பியூஸ். "ஓடினா நாளைக்கு வீடு. ஓடலைன்னா இப்பவே ஆஸ்பத்திரி."

கண்டக்டர் மூக்குக் குழாயின் மறுமுனையை சிலிண்டரிலிருந்து தானே உருவி மெஷினில் செருகினார்.

"அப்பா, நீங்க சிலிண்டர்லயே இருங்க. நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் மெஷினுக்கு ஒரே சுமைதான்," என்றான் மெக்கானிக்.

"முள்ளு செவப்புக்கு வந்துடுச்சு, பாரு. மிச்சத்தை நாளைக்கு வை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதுவும் இல்லாம, நாளைக்குக் கரண்ட் போறப்போ நீ இங்க நின்னு என் மூஞ்சியையே பாத்துட்டிருப்ப. சாயங்காலம் வரைக்கும் பாப்ப. அந்த வேலை வேண்டாம். இன்னிக்கே பாத்துக்க. நீயே புடுங்கு."

பியூஸ் சிலிண்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சாவியில் ஒரு கை, குழாயில் ஒரு கையாக, கட்டிலருகே குத்துக்காலிட்டான். அம்மா கண்டக்டரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பிடித்தான்.

பிடித்தபடியே நின்றான். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தான். இழுக்க வேண்டும் என்று தலை சொல்லிக்கொண்டே இருந்தது. கை யாருடையதோ போல இருந்தது. திரும்பினான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த ஸ்டாப் எது என்று கேட்கிற பயணியைப்போல, அவசரம் இல்லாமல்.

"என்னால முடியலைப்பா."

"முடியாதுதான்," என்றார் கண்டக்டர். "எனக்கும்தான் சொல்ல முடியலை."

மனைவி பொறுக்கிக்கொண்டிருந்ததை விட்டு எழுந்தாள். பக்கத்தில் வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். அவளுடைய இன்டர்நெட் பெட்டியில் தொடங்கியது. அதற்காக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிளக்கைப் பிடித்தாள். உருவினாள்.

மின்னல் மாதிரி ஓர் இடைவெளி. யூபிஎஸ் 'கீக்' என்றது. அம்மா கண்ணை இறுக மூடினாள். பியூஸின் கை சாவியில் வெளுத்தது. மெக்கானிக் அப்பாவின் உதட்டைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், மறுபடி உதட்டைப் பார்த்தான்.

'புஸ்... புஸ்...'

உருவின பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி நின்றாள். யாரும் அசையவில்லை. கண்டக்டரின் மார்பு ஏறியது, இறங்கியது, திரும்பவும் ஏறியது. அந்த அறையில் அப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.